மண் சுவர் கூடாது என்ற ஒரு வரி: ஊரக வீட்டுத் திட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஊரக வீட்டுத் திட்டங்களுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கும், மனையில் நின்று டேப் பிடிக்கும் பொறியாளர்களுக்கும்,

ஊரகக் குடும்பங்கள் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய் தரும் தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் நெறிமுறையில் மண்ணால் சுவர் எழுப்பக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. செங்கல் ஆகும், இன்டர்லாக் கல் ஆகும், ஏ.ஏ.சி. பிளாக் எனும் இலேசான கான்கிரீட் கட்டி ஆகும், மண் ஆகாது. எந்த மண், எப்படிக் கட்டிய மண், எத்தனை அங்குலம், எதன் மேல் நிற்கிற மண் என்ற கேள்வி எதுவும் அந்த வரியில் இல்லை. குடிசைக்குப் பின்னால் ஒற்றைக் களிமண் சுவராக நிற்பதும், சாக்கில் அடைத்து, திமிசு போட்டு இறுக்கி, முள்கம்பி கொடுத்து, மேலே கான்கிரீட் வளையம் கட்டி எழுப்பிய 15 அங்குல மண்மூட்டைச் சுவரும் அந்த வரிக்கு ஒன்றுதான். இதை எங்களால் ஏற்க முடியவில்லை. இது கட்டுகிறவர்கள் எழுதும் மடல் என்பதால் அளவுகளோடு எழுதுகிறோம். தவறு இருந்தால் அளவுகளோடே மறுத்துச் சொல்லுங்கள்.

அந்த வரி ஏன் வந்தது என்று தெரியாமல் பேசவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் நான்காம் நாள் ‘மண் சுவர் இடிந்து’ என்று ஒரு செய்தி வருகிறது. பெரும்பாலும் இரவில், தூக்கத்தில். அந்தச் சாவுகளை வைத்துத்தான் நீங்கள் விதி எழுதினீர்கள் என்றால் அந்த அக்கறையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் விழுந்த சுவரைப் போய்ப் பாருங்கள். உடைப்பு அநேகமாக அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் இருக்கும். பேஸ்மட்டம் (தரைக்கு மேல் எழுப்பும் அடிமேடை) இல்லை, அல்லது தெருவை மூன்று முறை உயர்த்திப் போட்டதில் புதைந்துவிட்டது. கூரைத் தண்ணீர் சுவரின் காலடியிலேயே சொட்டிச் சொட்டி அரித்திருக்கிறது. அடி கரைந்ததும் மேலிருக்கும் பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நாலு மூலையையும் சேர்த்துப் பிடிக்க மேலே எதுவும் இல்லாததால் சுவர் தனிப் பலகையாக விழுகிறது. ஊறும் அடி, சொட்டும் கூரை, கட்டப்படாத தலை என்று குறைகள் மூன்று. இம்மூன்றும் இருந்தால் எந்தச் சுவரும் விழும். 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் வீடுகள் மேல் சரிந்து 17 பேரைக் கொன்ற சுவர் மண் சுவர் அல்ல, கருங்கல் சுவர். அதற்காகக் கருங்கல்லைத் தடை செய்யவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சரியும் இல்லை.

மண்மூட்டைச் சுவர் என்றால் என்னவென்று அலுவலகங்களில் பலமுறை விளக்கியும், ‘வெள்ளத்துக்குப் போடுவீங்களே, அந்த மூட்டையா?’ என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஆமாம், அதே மூட்டைதான். கரை உடைந்தால் ஆற்றை மறிக்க முதலில் நீங்கள் தேடுவதும் அதைத்தான். ஆனால் வீட்டுக்கு அடுக்கும் முறை வேறு. ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்.

சாக்கு பாலிப்ரொப்பிலீன் நெசவு. வெற்றாக 18 அங்குல அகலம், 30 அங்குல நீளம். மண் நிரப்பித் திமிசு போட்டபின் 15 அங்குல அகலம், 5 அங்குல உயரம், 20 அங்குல நீளத்தில் படியும். எடை சுமார் 45 கிலோ. ஐம்பது கிலோ சிமெண்ட் சாக்கு சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தால் மூட்டை பெரிதாகி, இரண்டு பேர் சேர்ந்தாலும் நாலாவது அடுக்குக்கு மேல் தூக்க முடியாது. பழைய சாக்கில் வெயில் பட்ட பக்கம் நகத்தால் கீறினாலே பிரியும். சணல் சாக்கு இயற்கையானது என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். ஈரமண்ணோடு அது சுவர் முடிவதற்குள்ளேயே மக்கத் தொடங்கும். பிளாஸ்டிக் சாக்கை வைத்துக்கொண்டு ‘இயற்கை வீடு’ என்று பெயர் சூட்டுவதில் எங்களுக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஆனாலும் பூச்சுக்குள் வெயில் படாமல் இருக்கும்வரை அந்தச் சாக்கு கரையானுக்கும் ஈரத்துக்கும் அசையாது என்பது உண்மை.

மண்ணில் களி 25 முதல் 30 சதவீதம், மீதி மணலும் பொடிச் சரளையும். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயுமாகப் பிரிந்து நிற்கும். அளவுகோல் வைத்துப் படித்துக்கொள்ளலாம். மேல்மண் ஆகாது, வேரும் தழையும் மக்கிப் பையில் பள்ளம் விழும். உவர் மண் ஆகாது. பூச்சில் உப்புப் பூத்து உதிர்க்கும். ஈரம் எடையில் பத்து சதவீதம் போல இருக்க வேண்டும். கையில் உருண்டை பிடித்து மார்பு உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போட்டுப் பார்ப்போம். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. அப்பளமாய்ப் படிந்தால் தண்ணீர் அதிகம், பொடியாய்ச் சிதறினால் போதாது. தண்ணீர் கூடிய மூட்டை திமிசு போடும்போது இறுகாமல் ரப்பர் போலத் துள்ளும். அந்த அடுக்கு காய்ந்தபின் சுருங்கி, மேலே போட்ட வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விடும். நாங்கள் பார்த்த விரிசல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால்தான் வந்தவை.

அடித்தளம் நீங்கள் கேட்பதேதான். கருங்கல் கட்டி, தரைமட்டத்துக்கு மேல் 2 அடி பேஸ்மட்டம், அதன் தலையில் கான்கிரீட் பெல்ட். இதில் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. பெல்ட் மேல் முதல் அடுக்கு மட்டும் மண்ணில்லாமல், இரட்டைச் சாக்கில் முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லியின் இடைவெளியைத் தாண்டி ஈரம் மேலே ஏறாது. அடுத்த நாலு அடுக்குக்கு மண்ணோடு எடையில் 8 சதவீதம் சிமெண்ட். அதற்கு மேல் வெறும் மண்.

மூட்டையின் அடி மூலைகளை உள்ளே திருப்பி மடித்தால்தான் முகம் சதுரமாக வரும். வாயை மடித்து, ஏற்கெனவே வைத்த மூட்டையின் முதுகில் முட்டக் கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். செங்கல்லுக்குச் சொல்வதுதான் இதற்கும்: மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே வரக் கூடாது. ஓர் அடுக்கு முழுதும் வைத்த பிறகே திமிசுக்கட்டை. ஒவ்வொரு மூட்டையாக வைத்து உடனே இடித்தால் அடுக்கு அலை அலையாய்ப் போகும். ‘தொப்’ என்ற சத்தம் மாறி ‘டங்’ என்று கேட்கும்வரை இடிக்க வேண்டும். நூலும் தூக்குக்குண்டும் எல்லா அடுக்குக்கும்.

அடுக்குக்கு அடுக்கு நடுவே இரண்டு ஓட்டம் முள்கம்பி, 12 கேஜ், விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி. செங்கல்லுக்குச் சாந்து செய்வதை இங்கே முள் செய்கிறது. கீழ்ச் சாக்கையும் மேல்ச் சாக்கையும் ஒருசேரக் கடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் நகர விடாது. அதோடு சாந்து செய்யாத ஒன்றையும் செய்கிறது: சுவர் நெடுக இழுவிசையைத் தாங்குகிறது. மூலையில் கம்பியை வெட்டாமல் வளைத்துக் கொண்டுபோக வேண்டும். இணைக்கும் இடத்தில் 2 அடி ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். முள்ளின் மேல் மூட்டையை நகர்த்த முடியாது என்பதால் நடுவில் ஒரு தகரத்தைக் கொடுத்து, இடம் பார்த்து வைத்தபின் தகரத்தை உருவுவோம். ஒரு சின்ன எச்சரிக்கை: கூலி மிச்சம் என்று கம்பியை ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுவர் அல்ல, மூட்டைக் குவியல். உங்கள் பொறியாளர் சோதிக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

கதவு, சன்னலுக்கு மேல் ஆர்.சி.சி. லிண்டல், இரு பக்கமும் ஒரு அடி உட்கார வேண்டும். சுவர் முடிந்ததும் கடைசி மூன்று அடுக்கைத் துளைத்து 12 எம்.எம். கம்பியை 3 அடிக்கு ஒன்றாக அடித்து இறக்கி, அதன் தலை 6 அங்குல வளையக் கான்கிரீட்டுக்குள் நிற்கும்படி விட வேண்டும். வளையத்தில் நாலு கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். அதன் மேல்தான் கூரை.

இனி அளவு. வெளிப்பக்கம் 20 அடிக்கு 18 அடி, அதாவது உங்கள் 360 சதுர அடி. நடுவில் ஒரு தடுப்புச் சுவர், இரண்டு கதவு, மூன்று சன்னல். 21 அடுக்கும் வளையமும் சேர்ந்து 9¼ அடி உயரம். இதற்கு வேண்டியது ஏறக்குறைய 970 மூட்டை. கிழிசலுக்குச் சேர்த்து 1,050 சாக்கு வாங்க வேண்டும். முள்கம்பி 1,050 மீட்டர், எடையில் 105 கிலோ போல. மண் 10 முதல் 11 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இடித்து இறுகியபின் சுவரில் நிற்பது 43 டன். இதே வீட்டை 9 அங்குலச் செங்கல் சுவராக எழுப்பினால் 6,000 செங்கல்லும் சாந்துக்கு மட்டும் 20 மூட்டை சிமெண்டும் ஆகும். மண்மூட்டைக்குக் கீழ் நாலு அடுக்குக்கு 14 மூட்டை சிமெண்ட் போதும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சுவர் முழுவதும் 5 சதவீதம் சிமெண்ட் கலக்கச் சொல்லும் பொறியாளர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அது 43 மூட்டை, செங்கல் சாந்துக்கு ஆவதைப் போல் இரண்டு மடங்கு. அப்படிக் கட்டுவதற்குப் பேசாமல் செங்கல்லையே வைக்கலாம்.

‘பாதி விலையில் வீடு’ என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். அடித்தளம், கூரை, கதவு, சன்னல், ஒயரிங், கழிவறை எல்லாம் எந்த வீட்டுக்கும் ஒரே செலவுதான். மிச்சம் சுவரில் மட்டும். அதுவும் கூலி யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. ஆறு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 65 மூட்டை வைக்கலாம். 15 நாளில் சுவர் முடியும். 90 மனித நாள். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு வேலை உறுதித் திட்டத்தின் வழியாகச் சேர்த்துக் கொடுத்துவந்த கூலியும் 90 மனித நாள்தான். செங்கல் வீட்டில் அந்தக் கூலி வீட்டாரின் கைக்கு வந்தாலும் சூளைக்கும் லாரிக்கும் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கும். மண்மூட்டையில் வேலையே மண்ணை அள்ளி, அடைத்து, இடிப்பதுதான். ஒரு மேஸ்திரி நூல் பிடித்தால் மற்ற ஐந்து பேரும் அந்த வீட்டாராகவும் பக்கத்து வீட்டாராகவும் இருக்கலாம். 3.50 லட்சத்தில் வீட்டை முடிக்க முடியாமல் கந்துவட்டிக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிது.

‘மேலே ஆர்.சி.சி. தளம் வருமே, மண் தாங்குமா?’ நியாயமான கேள்வி, ஆகவே கணக்காகவே பதில். 300 சதுர அடிக்குத் தளம் வேண்டும் என்கிறீர்கள். 5 அங்குலத் தளம், மேல்பூச்சு, ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 570 கிலோ என்று வையுங்கள். அதிகப் பாரம் வாங்குவது நடுத் தடுப்புச் சுவர். அதன் அடியில் தளத்தின் பாரமும் சுவரின் சொந்த எடையும் சேர்ந்து சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. அதில் பாதி சுவரின் சொந்த எடையே. நன்றாக இடித்த மண்ணுக்கு இது பெரிய பாரம் இல்லை. நசுங்குமோ என்பதைவிட உட்காருமோ என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுவர் முடிந்த அடுத்த வாரமே சென்ட்ரிங் அடித்தால் ஈர மண் தளத்தின் பாரத்தில் கால் அங்குலம், அரை அங்குலம் இறங்கும். தளம் விரிசல் விடும். சுவர் எழும்பியபின் ஆறு வாரம் தார்ப்பாய் போர்த்திக் காயவிட்டு, அதன் பிறகே வளையமும் தளமும். உங்கள் தவணை முறையோடு இது இடிக்கிறது. லிண்டல் மட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே தாமதமானால் ‘பணி நிலுவை’ என்று பயனாளிக்கு நெருக்கடி கொடுக்கிறார்கள். நெருக்கடிக்குப் பயந்து அவசரமாகத் தளம் போட்ட வீட்டில் விரிசல் வந்தால் பழி மண்மேல் விழுகிறது.

சுவரின் கனமும் ஒரு சிக்கல். வெளியளவு 360 சதுர அடி என்றால் 9 அங்குலச் சுவரில் உள்ளே 305 சதுர அடி கிடைக்கும். 15 அங்குலச் சுவரில் 271தான். பூச்சையும் சேர்த்தால் இன்னும் பத்து குறையும். மே மாத வெயில் அறைக்குள் இறங்க மாலை ஆகிவிடுவது அந்தக் கனத்தால்தான். ஆனால் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 34 சதுர அடி ஒரு கட்டில் போடும் இடம். அளவை வெளியே எடுக்காமல் உள்ளே எடுத்தால் சிக்கல் தீரும்.

பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழுச் சுவருக்கும் சிமெண்ட் பூச்சு கேட்கிறீர்கள். சாக்கு வழவழப்பானது, நேராகப் பூசினால் தட்டுத் தட்டாகக் கழன்று வரும். முதலில் மூட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை வைக்கோல் கலந்த மண்ணால் நிரப்பி, காய்ந்தபின் கோழிவலையை முள்கம்பியோடு கட்டி, அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று. கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு இந்த நாட்டுக் கொத்தனார்கள் மறந்துபோன வேலை அல்ல. சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல் தவிர்க்க முடியாதது. அதன் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மண்ணிலேயே தங்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பேஸ்மட்டத்திலிருந்து ஒன்றரை அடி மட்டும் சிமெண்ட் பூச்சு இருக்கட்டும், தரையில் விழுந்து தெறிக்கும் மழைக்கு. அதற்கு மேல் வேண்டாம். எந்தப் பூச்சானாலும் சுவர் எழும்பிய இரண்டு, மூன்று மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் மூடாமல் விட்ட சாக்கு ஆனியில் கையோடு உதிரும். தையில் தொடங்கி வைகாசிக்குள் சுவர், ஆவணிக்குள் தளமும் பூச்சும், மழைக்கு முன் குடிபுகல் என்பதே எங்கள் கால அட்டவணை. வேலை உத்தரவு புரட்டாசியில் வந்தால் நாங்களே வேண்டாம் என்போம்.

வேண்டாம் என்று சொல்லும் இடங்கள் வேறும் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலை மூட்டையில் அடைக்கக் கூடாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். காவிரிக் கடைமடையின் கெட்டிக் களிக்குப் பாதிக்கு மேல் மணலோ கிரஷர் டஸ்டோ சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து அதை ஏற்றி வந்தால் மிச்சம் லாரி வாடகையில் போய்விடும். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் பள்ளத்திலும் வேண்டாம். குளியலறைச் சுவர் எங்கேயானாலும் செங்கல்தான். தண்ணீர்க் குழாயை மண்மூட்டைச் சுவருக்குள் புதைப்பவர் யாராக இருந்தாலும் அவரை மனையை விட்டு அனுப்பிவிடுங்கள். செம்மண்ணும் சரளையும் உள்ள மேட்டு நிலம் மண்மூட்டைக்கு இயல்பான இடம்.

குவிமாட வீட்டைப் படத்தில் பார்த்துவிட்டு அதையே கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கட்டடக் கலைஞர் நாதர் கலீலி கலிஃபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் கட்டிக் காட்டிய மண்பைக் குவிமாடங்கள் அழகானவை. 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் பெற்றவை. ஆனால் அது பாலைவனம். இறவாரம் இல்லாத குவிமாடம் வடகிழக்குப் பருவமழையில் நேராக நனையும். இங்கே நேர்ச்சுவர், மேலே 2 அடி வெளியே நீட்டிய கூரை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சாக்கையும் முள்கம்பியையும்.

பிற நாடுகளில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய மிட்செல்ஸ் பிளெயின் பகுதியில், ஏழைகளுக்கான மானிய வீடுகளாகவே மரச்சட்டத்துக்குள் மணல்மூட்டை அடுக்கி, இரண்டு தளம் கொண்ட வீடுகள் பத்து கட்டப்பட்டன. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சேற்றுச் சாந்தில் கட்டிய கல் வீடுகள் லட்சக்கணக்கில் சரிந்தபோது, வளையம் போட்டுக் கட்டிய மண்பைக் கட்டடங்கள் பல பெரிய சேதம் இல்லாமல் நின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லின் பார்வையாளர் மையம் 1989க்கும் 1992க்கும் இடையே, 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கட்டியால் எழும்பியது. முப்பது ஆண்டு கடற்கரை மழையையும் 2011இன் தானே புயலையும் பார்த்துவிட்டு நிற்கிறது. அதுவும் மண்தான். உங்கள் வரிப்படி அதுவும் ஆகாது.

நாட்டின் தரக்குறிப்புகளே மண்ணை விலக்கவில்லை. அழுத்திய மண்கட்டிக்கு ஐ.எஸ். 1725 இருக்கிறது. மண்ணும் சிமெண்டும் கலந்து அந்த இடத்திலேயே இடித்து எழுப்பும் சுவருக்கு ஐ.எஸ். 2110. நிலநடுக்கம் தாங்கும் மண் கட்டடங்களுக்கு 1993லேயே ஐ.எஸ். 13827. சுவரின் உயரம் கனத்தைப் போல் எட்டு மடங்கைத் தாண்டக் கூடாது, குறுக்குச் சுவர்களின் இடைவெளி பத்து மடங்கைத் தாண்டக் கூடாது, மூலையிலிருந்து 1.2 மீட்டருக்குள் சன்னல் வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மேலே சொன்ன வீட்டை அதில் வைத்துப் பாருங்கள். 15 அங்குலக் கனத்துக்கு 111 அங்குல உயரம் ஏழரை மடங்குக்குள் அடங்கும். குறுக்குச் சுவர் இடைவெளி 12½ அடிக்குள் இருக்க வேண்டும். 15½ அடி நீளமுள்ள சுவர்களுக்கு நடுவே முட்டுக் கொடுக்கும் ஓர் அணைச்சுவர் வைத்தால் அதுவும் சரி. மண்மூட்டைக்கென்று தனிக் குறிப்பு இல்லை என்பது உண்மை. அதனால் ‘விதி இல்லை, ஆகவே கூடாது’ என்கிறீர்கள். விதி எழுத வேண்டியவர்களும் நீங்கள்தானே?

ஆகவே நாங்கள் கேட்பது:

‘மண் சுவர் கூடாது’ என்ற வரியை எடுத்துவிட்டு, எது கூடாது என்று எழுதுங்கள். பேஸ்மட்டம் 2 அடிக்குக் குறைந்தால் கூடாது; தலைவளையம் இல்லாமல் கூடாது; முள்கம்பி ஓர் அடுக்கிலும் விடுபடக் கூடாது; 2 அடி இறவாரம் இல்லாமல் கூடாது. இதைவிடக் கடுமையாக எழுதினாலும் சம்மதம்.

ஒரே தாவலில் மாநிலம் முழுவதும் அனுமதி கேட்கவில்லை. செம்மண் நிலமுள்ள இரண்டு மூன்று வட்டாரங்களில், விரும்பிக் கேட்கும் பயனாளிகளுக்கு மட்டும், 25 வீடுகள். இரண்டு பருவமழை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சோதனைச் சுவர் எழுப்பிப் பாரம் ஏற்றிப் பார்க்கும் வேலையை ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியிடம் கொடுங்கள். சுவரை நாங்கள் எழுப்பித் தருகிறோம். இடியும்வரை ஏற்றிப் பாருங்கள், எந்த எடையில் இடிந்தது என்பதை வெளியிடுங்கள்.

வீட்டின் அளவைச் சுவருக்கு உள்ளே எடுங்கள். சுவர் முடிந்ததற்கென்று ஒரு தவணையும், அதன்பின் ஆறு வாரக் காயும் காலமும் கணக்கில் சேருங்கள். 90 மனித நாள் கூலியைச் சாக்கு நிரப்பும் வேலைக்கும் எழுத அனுமதியுங்கள்.

விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, குளங்களில் இலவசமாக மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாடு 2024இல் வந்தது. அதே வழியில், வேலை உத்தரவு வைத்திருக்கும் பயனாளி ஒரு வீட்டுக்கு 11 யூனிட் மண் எடுக்க வழி செய்யுங்கள். இல்லாவிட்டால் சொந்த மனைக்கு மண் கொண்டுவந்த டிராக்டரைக் கனிமக் கடத்தல் என்று மடக்குவது தொடரும்.

கடைசியாக, ஒன்றியப் பொறியாளர்களை மூன்று நாள் எங்களோடு மனைக்கு அனுப்புங்கள். உருண்டை போட்டு ஈரம் பார்க்கவும், திமிசின் சத்தம் கேட்கவும், கம்பி விடுபட்ட அடுக்கைக் கண்டுபிடிக்கவும் மூன்று நாள் போதும். வரும் தையில் வேலை தொடங்க வேண்டுமானால் பதில் கார்த்திகைக்குள் எழுத்தில் வேண்டும். மறுப்பதாக இருந்தால், மேலே கொடுத்த அளவுகளில் எது தவறு என்று குறிப்பிட்டு மறுங்கள்.

இப்படிக்கு,
மண்ணில் கட்டும் கொத்தனார்கள், மேஸ்திரிகள், சித்தாள்கள்